குரோம்காஸ்ட் கருவிக்கு வாடிக்கையாளர் வரவேற்பு

குரோம்காஸ்ட் என்பது இணையத்தில் உள்ள நிகழ்படங்களையும் இசையையும் தொலைக்காட்சியில் இயக்குவதற்காகக் கூகிள் நிறுவனம் உருவாக்கிய சிறு மின்னணுக் கருவி ஆகும். 2013 ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று ஐக்கிய அமெரிக்காவில் 35 டாலர் விலையில் இது அறிமுகமானது. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இதன் உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டபோது, 11 ஆண்டுகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் விற்பனையாகியிருந்தன.

வாடிக்கையாளர்கள் இக்கருவியைப் பெரிதும் விரும்பி வாங்கினர். அதே வேளையில் பலவகைக் குறைகளையும் சுட்டிக்காட்டினர். பாராட்டுக்கும் குறைக்கும் பெரும்பாலும் ஒரே வடிவமைப்பு முடிவே காரணமாக இருந்தது. கருவியில் மிகக் குறைந்த வன்பொருளை மட்டும் வைத்து, மற்ற வேலைகளைப் பயனரின் திறன்பேசியிடமும் நிறுவனத்தின் வழங்கிகளிடமும் ஒப்படைத்ததே அம்முடிவு. கருவியின் விலை குறைந்ததும் பயன்பாடு எளிதானதும் இதனால்தான். வாங்கிய பின்னரும் கருவி தொடர்ந்து இயங்குவது நிறுவனத்தின் கையில் இருந்ததும் இதனால்தான்.

பின்னணி

ஒரு நிகழ்படக் கோப்பை முழுவதும் பதிவிறக்கிச் சேமித்த பின்னர் பார்ப்பது ஒரு முறை. கோப்பு வந்துகொண்டிருக்கும்போதே அதைப் பார்ப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறை ஓடை முறை எனப்படுகிறது. 2000களின் பிற்பகுதியில் அகலப்பட்டை இணையம் பரவியதைத் தொடர்ந்து, ஓடை முறையில் வரும் நிகழ்படங்களைக் கணினித் திரைக்குப் பதிலாகத் தொலைக்காட்சியில் காட்டும் கருவிகள் சந்தைக்கு வந்தன. ஆப்பிள் நிறுவனத்தின் ஆப்பிள் டிவி 2007 ஆம் ஆண்டிலும், நெட்ஃபிளிக்ஸ் திரைப்படங்களைக் காட்டும் ரோக்கு கருவி 2008 ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. ரோக்கு கருவியின் விலை ஏறத்தாழ 100 டாலராக இருந்தது.

கூகிள் இத்துறையில் முதலில் மேற்கொண்ட இரு முயற்சிகளும் வாடிக்கையாளர்களிடம் எடுபடவில்லை. 2010 ஆம் ஆண்டு மே மாதத்தில் கூகிள் டிவி என்னும் மென்பொருள் தளத்தை அது அறிவித்தது. அத்தளத்தில் இயங்கும் ரெவ்யூ என்னும் கருவியை லாஜிடெக் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் 299 டாலருக்கு வெளியிட்டது. முழு அளவு விசைப்பலகையுடன் வந்த இக்கருவி, இணைய உலாவியைத் தொலைக்காட்சியில் திறந்து எந்தத் தளத்தையும் பார்க்க வழிசெய்தது. ஆனால் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி ஆகிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களும் ஹுலு தளமும் தங்கள் நிகழ்ச்சிகள் இக்கருவியில் ஓடாதவாறு தடுத்தன. எதற்காக வாங்கினார்களோ அது இயங்காததைக் கண்ட பலர் கருவியைத் திருப்பியளித்தனர். 2011 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் விற்பனையானவற்றைவிடத் திரும்பி வந்தவையே அதிகம் என்று லாஜிடெக் தெரிவித்தது. பின்னர் விலை 99 டாலராகக் குறைக்கப்பட்டது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். இம்முயற்சியால் 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட இயக்க இலாபத்தை இழந்ததாக அந்நிறுவனம் 2011 நவம்பரில் கூறியது.

இரண்டாவது முயற்சி, 2012 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்ட நெக்சஸ் கியூ ஆகும். பந்து வடிவிலான இக்கருவியின் விலையும் 299 டாலர். யூடியூப் தளத்தில் உள்ளவற்றையும் கூகிள் பிளே கடையில் வாங்கிய இசை, திரைப்படங்களையும் மட்டுமே இது இயக்கியது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற பிற சேவைகளுக்கு இதில் இடமில்லை. விலைக்கேற்ற பயன் இல்லை என்ற விமர்சனம் எழுந்தது. ஜூலை மாத இறுதியில் கூகிள் விற்பனையைத் தள்ளிவைத்து, முன்பதிவு செய்தவர்களுக்குக் கருவியை இலவசமாக அனுப்பியது. அதன் பிறகு அக்கருவி பொதுமக்களுக்கு விற்கப்படவில்லை.

விரும்பிய நிகழ்ச்சி ஓட வேண்டும், விலை கட்டுபடியாக வேண்டும், புதிய விசைப்பலகையோ கட்டுப்பாட்டு முறையோ கற்கத் தேவையிருக்கக் கூடாது என்பவை இவ்விரு தோல்விகளும் காட்டிய வாடிக்கையாளர் எதிர்பார்ப்புகள் ஆகும்.

கருவி இயங்கும் முறை

வாடிக்கையாளர் கருத்துகளைப் புரிந்துகொள்ளக் கருவி இயங்கும் முறையை அறிவது உதவும். முதற் பதிப்பு, விரல் நீளமே உள்ள குச்சி வடிவில் இருந்தது. தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ துளையில் அதைச் செருகி, யூஎஸ்பி வடம் வழியாக மின்சாரம் தர வேண்டும். அதன் நினைவகம் 512 மெகாபைட், சேமிப்பகம் 2 கிகாபைட். அதற்கெனத் தனியே ரிமோட் கிடையாது.

பயனர் தன் திறன்பேசியில் யூடியூப் போன்ற ஒரு செயலியைத் திறந்து, அதில் தோன்றும் காஸ்ட் குறியைத் தொடுவார். வீட்டின் வை-ஃபை வலையமைப்பில் உள்ள குரோம்காஸ்டுக்கு ஒரு சிறு கட்டளை செல்லும். எந்த நிகழ்படத்தை, எந்த இடத்திலிருந்து இயக்க வேண்டும் என்பது மட்டுமே அக்கட்டளையில் இருக்கும். அதைப் பெற்ற கருவி, நிகழ்படத்தை இணையத்திலிருந்து தானே நேரடியாகப் பெற்றுக் காட்டும். திறன்பேசி நிகழ்படத்தை ஏந்திச் செல்வதில்லை. எனவே படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அத்திறன்பேசியில் அழைப்பு பேசலாம். அதன் மின்கலமும் விரைவில் தீராது.

குரோம் உலாவியில் திறந்திருக்கும் பக்கத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் வசதி இதற்கு விலக்கு. அதில் கணினியே படத்தைக் குறிமுறையாக்கி அனுப்ப வேண்டியிருந்ததால் காட்சி தாமதமாகவும் தரம் குறைந்தும் வந்தது. இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத பலர், கருவியே மெதுவானது என்று கருதினர்.

ஒவ்வொரு செயலிக்கும் கருவியில் இயங்கும் பகுதி, உண்மையில் ஓர் இணையப் பக்கம் ஆகும். அதன் முகவரியைக் கருவி கூகிளின் வழங்கியிடம் கேட்டுப் பெறுகிறது. இதனால் புதிய செயலிகளைச் சேர்ப்பதற்குக் கருவியில் எதையும் நிறுவத் தேவையில்லை. மறுபுறம், எந்தச் செயலி இயங்கலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் கூகிளிடம் இருந்தது.

அறிமுகமும் முதல் வரவேற்பும்

குரோம்காஸ்ட் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த செய்தியாளர் நிகழ்ச்சி ஒன்றில் அறிமுகம் செய்யப்பட்டது. அந்நிகழ்ச்சியை அப்போது ஆண்ட்ராய்டு, குரோம் பிரிவுகளின் தலைவராக இருந்த சுந்தர் பிச்சை நடத்தினார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த இவர், 2015 ஆம் ஆண்டில் கூகிளின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

நிகழ்ச்சியில் பெரிதும் பேசப்பட்டது கருவியின் விலையே. அக்காலத்தில் ஆப்பிள் டிவி கருவியின் விலை 99 டாலராக இருந்தது. அத்துடன், கருவியை வாங்குவோருக்கு நெட்ஃபிளிக்ஸ் சேவை 3 மாதங்களுக்கு இலவசம் என்றும் அறிவிக்கப்பட்டது. அப்போது நெட்ஃபிளிக்ஸ் மாதக் கட்டணம் 7.99 டாலர். எனவே சலுகையைக் கழித்துப் பார்த்தால் கருவி ஏறத்தாழ 11 டாலருக்கே கிடைத்தது. ஏற்கெனவே நெட்ஃபிளிக்ஸ் சந்தா வைத்திருந்தவர்களும் இச்சலுகையைப் பெறலாம் என்பதால் ஒருவரே பல கருவிகளை வாங்கினார். எதிர்பார்த்ததற்கு மேல் தேவை ஏற்பட்டதால், ஏறத்தாழ ஒரே நாளில் சலுகை திரும்பப் பெறப்பட்டது. சலுகையை நம்பிக் காத்திருந்தவர்களிடையே இது ஏமாற்றத்தை உண்டாக்கியது. கூகிளின் சொந்த இணையக் கடையிலும் பிற கடைகளிலும் இருப்பு சில நாட்களில் தீர்ந்தது.

முதல் வாடிக்கையாளர்கள் பாராட்டியவை பின்வருமாறு:

பொருந்தாவிட்டாலும் பெரிய இழப்பில்லை என்று எண்ணும் அளவுக்கு விலை குறைவாக இருந்தது.
அமைப்பு வேலை சில நிமிடங்களில் முடிந்தது.
தொலைக்காட்சித் திரையில் அம்புக்குறிகளை நகர்த்தி எழுத்தெழுத்தாகத் தேடுவதற்குப் பதிலாகத் திறன்பேசியில் தேட முடிந்தது.
ஆண்ட்ராய்டு திறன்பேசிகளுடன் ஆப்பிளின் ஐபோன், ஐபேட் ஆகியவற்றுடனும் கருவி இயங்கியது.
விருந்தினர் பலர் ஒரே அறையில் அமர்ந்து தத்தம் திறன்பேசியிலிருந்து யூடியூப் நிகழ்படங்களை வரிசையில் சேர்க்க முடிந்தது.

தொடக்ககாலக் குறைகள்

கருவி வெளியானபோது நெட்ஃபிளிக்ஸ், யூடியூப், கூகிள் பிளே ஆகியவையே அதில் இயங்கிய முதன்மைச் சேவைகள். நூற்றுக்கணக்கான சேவைகளைத் தந்த ரோக்குவுடன் ஒப்பிட்டவர்கள் இதைப் பெருங்குறையாகக் கூறினர். ஹுலு பிளஸ், பண்டோரா ஆகியவை 2013 அக்டோபரிலும், எச்பிஓ கோ நவம்பரிலும் சேர்ந்தன. டிசம்பரில் பிளெக்ஸ், விக்கி உள்ளிட்ட மேலும் 10 செயலிகள் இணைந்தன.

ரிமோட் இல்லாமை இருவகைக் கருத்துகளைப் பெற்றது. இளைஞர்கள் அதை வசதியாகக் கண்டனர். திறன்பேசி இல்லாத முதியோரும் சிறுவரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் உள்ள வேறொருவரின் திறன்பேசியை நாட வேண்டியிருந்தது. தொலைபேசி மணி அடிக்கும்போது படத்தை நிறுத்தக்கூடத் திரையைத் திறந்து செயலியைத் தேட வேண்டும் என்பதும் அடிக்கடி கூறப்பட்ட குறை. பின்னர் வந்த மேம்பாடு ஒன்றால், எச்டிஎம்ஐ வழிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் தொலைக்காட்சிகளின் சொந்த ரிமோட்டிலேயே படத்தை நிறுத்தவும் தொடரவும் முடிந்தது.

முதற் பதிப்பு 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் மட்டுமே இயங்கியது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீடுகளின் திசைவிகளும் அதே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் நெரிசல் ஏற்பட்டுப் படம் நின்று நின்று ஓடியது. கருவி தொலைக்காட்சியின் பின்புறம் மறைந்திருந்ததும் சமிக்ஞையைக் குறைத்தது. இதற்காகப் பெட்டியுடன் வந்த சிறு எச்டிஎம்ஐ நீட்டிப்பானைப் பயன்படுத்தியபோது பலருக்குச் சிக்கல் தீர்ந்தது. அதன் பயனை அறியாமல் ஒதுக்கி வைத்தவர்களும் இருந்தனர்.

தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்தவர்களுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. தொலைக்காட்சியை அணைத்ததும் பல மாதிரிகளில் அத்துளையும் அணைந்துவிடும். எனவே ஒவ்வொரு முறையும் கருவி தொடக்கத்திலிருந்து துவங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுவர் மின்செருகியில் இணைப்பதே இதற்குத் தீர்வு.

விடுதிகளிலும் கல்லூரி விடுதிகளிலும் உலாவியில் கடவுச்சொல் இட்டு உள்நுழையும் வலையமைப்புகளில் கருவியை இணைக்க முடியவில்லை. பயணத்தில் எடுத்துச் செல்ல ஏற்ற அளவில் இருந்தும் பயன்படுத்த முடியவில்லை என்று பயனர்கள் வருந்தினர். மேலும், களப்பெயர்களைத் தேடக் கூகிளின் சொந்த வழங்கியையே பயன்படுத்துமாறு கருவி அமைக்கப்பட்டிருந்தது. இதை மாற்றும் வசதி பயனருக்குத் தரப்படவில்லை. தம் வலையமைப்பைத் தாமே நிருவகிக்க விரும்பிய தொழில்நுட்பப் பயனர்கள் இதனைக் கண்டித்தனர்.

வெளியார் மென்பொருள் குறித்த சர்ச்சை

2013 ஆகஸ்ட் மாதத்தில், திறன்பேசியில் சேமித்துள்ள படங்களையும் நிகழ்படங்களையும் குரோம்காஸ்டில் காட்டும் மென்பொருள் ஒன்றைத் தனி நிரலாளர் ஒருவர் உருவாக்கினார். அம்மாத இறுதியில் வந்த கருவி மென்பொருள் மேம்பாட்டுக்குப் பின் அது இயங்கவில்லை. பயனர்களின் சொந்தக் கோப்புகளைக்கூடக் கூகிளின் ஒப்புதல் இன்றித் தொலைக்காட்சியில் காட்ட முடியாதா என்ற கேள்வி எழுந்தது. நிரலாளர்களுக்கான கருவித்தொகுப்பு இன்னும் முழுமையடையவில்லை என்றும், அது மாறிக்கொண்டே இருக்கும் என்றும் நிறுவனம் விளக்கமளித்தது.

2014 பிப்ரவரி 3 அன்று கருவித்தொகுப்பு அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பிறகு உள்ளூர்க் கோப்புகளை இயக்கும் செயலிகள் உட்படப் பல வெளியாயின. 2014 ஜூலை முதல் சில ஆண்ட்ராய்டு திறன்பேசிகளின் முழுத்திரையையும் தொலைக்காட்சியில் காட்டும் வசதி வந்தது. வாங்கிய கருவி காலப்போக்கில் மேலும் பயனுள்ளதாக மாறியதை வாடிக்கையாளர்கள் வரவேற்றனர். எனினும் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பது நிறுவனத்தின் முடிவு என்பதை இந்நிகழ்வு முதன்முறையாகப் பயனர்களுக்கு உணர்த்தியது.

பிற நாடுகளில்

2014 மார்ச் மாதத்தில் கனடா, ஐக்கிய இராச்சியம், பிரான்சு, செருமனி உள்ளிட்ட 11 நாடுகளில் கருவி விற்பனைக்கு வந்தது. ஐக்கிய இராச்சியத்தில் அதன் விலை 30 பவுண்டு. பிபிசி ஐபிளேயர் தொடக்கம் முதலே இயங்கியதால் அங்கு நல்ல வரவேற்பு இருந்தது.

இந்தியாவில் 2014 டிசம்பரில் 2,999 ரூபாய் விலையில் ஸ்னாப்டீல் இணையக் கடை வழியாக விற்பனை தொடங்கியது. ஆனால் அமெரிக்காவில் கருவியின் முதன்மை ஈர்ப்பாக இருந்த நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை இந்திய வாடிக்கையாளர்களுக்கு யூடியூப்பே பெரும்பயன் தந்தது. குறிப்பிட்ட அளவு தரவைப் பயன்படுத்தியதும் வேகத்தைக் குறைக்கும் அகலப்பட்டைத் திட்டங்கள் அக்காலத்தில் பரவலாக இருந்தன. உயர்தெளிவு நிகழ்படங்களைத் தொடர்ந்து பார்ப்பதற்கு அவை தடையாயின.

நிறுவனப் போட்டியும் வாடிக்கையாளரும்

குரோம்காஸ்டின் வெற்றியைத் தொடர்ந்து பிற நிறுவனங்களும் குச்சி வடிவக் கருவிகளை வெளியிட்டன. 2014 மார்ச் மாதத்தில் ரோக்கு இத்தகைய கருவி ஒன்றை அறிவித்தது; நவம்பரில் 39 டாலர் விலையில் அமேசான் தன் கருவியை விற்கத் தொடங்கியது. இவ்விரண்டும் ரிமோட்டுடன் வந்தன.

அமேசானின் பிரைம் வீடியோ சேவை குரோம்காஸ்டில் இயங்கவில்லை. 2015 அக்டோபரில் அமேசான், பிரைம் வீடியோவை ஆதரிக்காத கருவிகள் வாடிக்கையாளர்களைக் குழப்புகின்றன என்று கூறி, குரோம்காஸ்ட், ஆப்பிள் டிவி ஆகியவற்றைத் தன் கடையில் விற்பதை நிறுத்தியது. 2017 டிசம்பரில் கூகிள், அமேசானின் ஃபயர் டிவி கருவிகளில் யூடியூப் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. இரண்டு நிறுவனங்களின் சேவைகளுக்கும் பணம் செலுத்திய வீடுகளில் இரண்டு கருவிகளை வைத்திருக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 2019 ஜூலை மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டு, பிரைம் வீடியோ குரோம்காஸ்டிலும் யூடியூப் ஃபயர் டிவியிலும் இயங்கத் தொடங்கின. வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 6 ஆண்டுகளாகக் கோரிவந்த வசதி இதுவாகும்.

வலையமைப்புச் சிக்கல்களும் பாதுகாப்பும்

ஒரே வை-ஃபை வலையமைப்பில் உள்ள எவரும் கருவியை இயக்கலாம் என்பது குரோம்காஸ்டின் அடிப்படை இயல்பு. வீட்டில் ஒருவர் படம் பார்க்கும்போது மற்றவர்களின் ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் அதைக் கட்டுப்படுத்தும் அறிவிப்பு தோன்றியது. குழந்தைகளோ வேறு அறையில் இருப்பவர்களோ அறியாமல் படத்தை நிறுத்திவிடுவதாகப் பலர் முறையிட்டனர். பின்னர் இவ்வறிவிப்பை நிறுத்தும் விருப்பத்தேர்வு தரப்பட்டது.

2018 ஜனவரியில், குரோம்காஸ்ட் உள்ள சில வீடுகளில் வை-ஃபை முழுவதுமாக முடங்கியது. ஆண்ட்ராய்டு திறன்பேசி உறக்க நிலையிலிருந்து மீளும்போது, காஸ்ட் கருவிகளைத் தேடும் பொதிகளை மிகப் பெரும் எண்ணிக்கையில் ஒரே வீச்சில் அனுப்பியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. பல பயனர்கள் தம் திசைவியில்தான் பழுது என்று எண்ணினர். அம்மாதமே மென்பொருள் மேம்பாடு வழியாக இது சரிசெய்யப்பட்டது.

2019 ஜனவரியில், தவறாக அமைக்கப்பட்ட திசைவிகள் வழியாக இணையத்திற்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான கருவிகளில், ஒரு யூடியூப் அலைவரிசைக்கு ஆதரவு கோரும் நிகழ்படத்தை வெளியார் ஓடவிட்டனர். சிக்கல் திசைவி அமைப்பில் உள்ளது என்று கூகிள் விளக்கியது. கடவுச்சொல் ஏதும் கேட்காமல் கட்டளையை ஏற்கும் எளிமையே இதற்கு இடமளித்தது என்று பாதுகாப்பு ஆர்வலர்கள் சுட்டிக்காட்டினர்.

பதிப்புகளும் அவற்றிற்கான கருத்துகளும்

இரண்டாம் பதிப்பு (2015): வட்ட வடிவிலும் வளையும் எச்டிஎம்ஐ வடத்துடனும் வந்தது. 5 கிகாஹெர்ட்சு அலைவரிசையையும் ஆதரித்ததால் முதற் பதிப்பின் நெரிசல் குறை பெரிதும் நீங்கியது. விலை 35 டாலர். வெளியான 2015 செப்டம்பர் வரை 2 கோடி குரோம்காஸ்ட்டுகள் விற்றிருந்தன.

குரோம்காஸ்ட் ஆடியோ (2015): பழைய ஒலிபெருக்கிகளில் இணைய இசையை இயக்குவதற்கானது. இசை ஆர்வலர்கள் இதை மிகவும் விரும்பினர். 2019 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது வருத்தம் தெரிவித்தனர்.

குரோம்காஸ்ட் அல்ட்ரா (2016): 4கே தெளிவை ஆதரித்தது. மின்செருகியிலேயே ஈதர்நெட் துளை இருந்தது பாராட்டப்பட்டது. 69 டாலர் விலை அதிகம் எனச் சிலர் கருதினர்.

மூன்றாம் பதிப்பு (2018): தோற்றத்திலும் வேகத்திலும் சிறு மாற்றங்களே இருந்ததால் பழைய கருவி வைத்திருந்தோர் புதியதை வாங்கத் தேவையில்லை என்ற கருத்து பரவலாக இருந்தது.

கூகிள் டிவியுடன் குரோம்காஸ்ட் (2020): 49.99 டாலர் விலையில் ரிமோட்டுடன் வந்தது. செயலிகளைக் கருவியிலேயே நிறுவும் முறைக்கு மாறியது. உயர்தெளிவு மட்டும் கொண்ட 29.99 டாலர் பதிப்பு 2022 ஆம் ஆண்டில் வந்தது.

ரிமோட்டின் வருகை

2020 ஆம் ஆண்டுப் பதிப்பு, குரோம்காஸ்டின் அடிப்படைக் கருத்தையே மாற்றியது. திறன்பேசி இல்லாமலே ரிமோட்டால் தேடவும், குரலால் கட்டளையிடவும் முடிந்தது. முதியோர் உள்ள வீடுகளில் இது நல்ல வரவேற்பைப் பெற்றது. பல சேவைகளின் நிகழ்ச்சிகளை ஒரே முகப்பில் காட்டியதும் பாராட்டப்பட்டது.

ஆனால் செயலிகள் கருவியிலேயே நிறுவப்பட்டதால் சேமிப்பகத்தின் அளவு முக்கியமாயிற்று. கருவியில் 8 கிகாபைட் சேமிப்பகமே இருந்தது; இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக ஏறத்தாழ பாதியே பயனருக்குக் கிடைத்தது. சில செயலிகளை நிறுவியதும் இடம் தீர்ந்து, மென்பொருள் மேம்பாடுகளைக்கூட நிறுவ முடியவில்லை என்று பயனர்கள் முறையிட்டனர். முகப்பில் விளம்பரங்களும் பரிந்துரைகளும் இடம்பிடித்ததையும், நாளடைவில் கருவி மெதுவானதையும் கண்டித்தனர். பழைய குரோம்காஸ்டின் வெறுமையான திரையை விரும்பியவர்கள், எளிமை போய்விட்டது என்று கருதினர்.

ஆதரவு நிறுத்தமும் 2025 செயலிழப்பும்

முதற் பதிப்புக்கான மென்பொருள் ஆதரவு 2023 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. 35 டாலருக்கு வாங்கிய கருவி ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆதரவு பெற்றதைப் பலர் நியாயமானதாகவே ஏற்றனர். 2024 ஆகஸ்ட் 6 அன்று கூகிள், குரோம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தி, அதற்குப் பதிலாகக் கூகிள் டிவி ஸ்ட்ரீமர் என்னும் கருவியை 99.99 டாலர் விலையில் அறிவித்தது. 32 கிகாபைட் சேமிப்பகமும் ஈதர்நெட் துளையும் கொண்ட இது பழைய குறைகள் சிலவற்றைத் தீர்த்தது. எனினும் மலிவு விலைக் கருவிக்கு மாற்று இல்லாமல் போனதாக விமர்சனம் எழுந்தது.

2025 மார்ச் 9 அன்று, உலகெங்கும் இரண்டாம் பதிப்புக் குரோம்காஸ்டுகளும் குரோம்காஸ்ட் ஆடியோ கருவிகளும் திடீரெனக் கட்டளைகளை ஏற்கவில்லை. கருவி நம்பகமானதல்ல என்ற பொருள்படும் செய்தி திறன்பேசிகளில் தோன்றியது. கருவி உண்மையானதுதானா என்பதைத் திறன்பேசி ஓர் எண்ணிமச் சான்றிதழ் தொடர் வழியாகச் சரிபார்க்கிறது. அத்தொடரில் இருந்த இடைநிலைச் சான்றிதழ் ஒன்று, வழங்கப்பட்டு ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்து அன்று காலாவதியாகியிருந்தது. வன்பொருளில் எவ்விதப் பழுதும் இல்லை.

சிக்கலைத் தாமே தீர்க்க முயன்ற பலர் கருவியை ஆலைநிலைக்கு மீட்டமைத்தனர். அவ்வாறு செய்தவர்களால் மீண்டும் கருவியை வலையமைப்பில் அமைக்க முடியாமல் போயிற்று. மீட்டமைக்க வேண்டாம் என்று கூகிள் பின்னர் அறிவுறுத்தியது. ஏறத்தாழ 4 நாட்களுக்குப் பின் திருத்தம் படிப்படியாக அனுப்பப்பட்டது. மீட்டமைத்தவர்களுக்குக் கூகிள் ஹோம் செயலியின் புதிய பதிப்பு வழியாகத் தீர்வு தரப்பட்டது.

இந்நாட்களில் இருவகை எதிர்வினைகள் காணப்பட்டன. புதிய கருவியை வாங்க வைப்பதற்கான திட்டமிட்ட செயல் என்று சிலர் ஐயுற்றனர். உற்பத்தி நிறுத்தப்பட்டும் கருவிகளை நிறுவனம் மீண்டும் இயங்க வைத்ததைச் சிலர் பாராட்டினர். பழைய கருவிகள் இத்தனை வீடுகளில் நாள்தோறும் பயன்பட்டுவந்தன என்பதும் இச்செயலிழப்பால் வெளிப்பட்டது.

மதிப்பீடு

ரெவ்யூ, நெக்சஸ் கியூ ஆகியவற்றை வாடிக்கையாளர்கள் ஒதுக்கியதற்கும் குரோம்காஸ்டை ஏற்றதற்கும் தொழில்நுட்ப மேன்மை காரணமன்று. ரெவ்யூவின் செயலி, விசைப்பலகை, உலாவி ஆகியவற்றுடன் ஒப்பிட்டால் குரோம்காஸ்ட் மிக எளிய கருவி. மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த திறன்பேசியையும் ஏற்கெனவே பார்த்துவந்த சேவைகளையும் இது பயன்படுத்திக்கொண்டது. நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட சேவைகள் தாமே விரும்பிப் பங்கேற்றதால், ரெவ்யூவுக்கு நேர்ந்த தடை இதற்கு நேரவில்லை.

இக்கருவியின் வரலாறு, இணையத்தை நம்பி இயங்கும் வீட்டுப் பொருள்கள் அனைத்திற்கும் பொருந்தும் ஒரு வேறுபாட்டையும் காட்டுகிறது. பழைய நிகழ்படக் கருவி ஒன்று, உதிரிப்பாகம் தேயும்வரை உரிமையாளரின் வீட்டிலேயே இயங்கியது. குரோம்காஸ்ட் போன்ற கருவியின் ஆயுளை அதன் வன்பொருள் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிறுவனத்தின் வழங்கிகள், சேவைகளின் உடன்பாடுகள், சான்றிதழ்களின் காலவரையறை ஆகியவையும் தீர்மானிக்கின்றன. இதனால், ஒரு கருவியின் விலையையும் வசதிகளையும் போலவே, அதற்கு எத்தனை ஆண்டுகள் ஆதரவு கிடைக்கும் என்பதும் வாங்குவோர் கேட்டறிய வேண்டிய ஒன்றாகிறது.